பரீட்சைக்குப் போன அம்சவள்ளி

எங்கிட்ட ஒரு நோட்டு இருக்குது. அதுல மனுசங்க பேரு கம்மி, உறுப்புங்க பேருதான் ஜாஸ்தி. ‘லிவர், பாகூர்.’ ‘மண்ணீரல், கரிக்கலாம்பாக்கம்.’ ‘வாதம், இடது பக்கம், வில்லியனூர்.’ பக்கத்துல போன் நம்பர். நான் ஒரு தனியார் மெடிக்கல் காலேஜ்ல அட்டெண்டரு. எந்த காலேஜ்னு கேக்காதீங்க, சோறு போடுற எடம். டாக்டருக்குப் படிக்கிற பசங்களுக்குப் பரீட்சை வெக்கணும்னா பேப்பரும் பேனாவும் பத்தாது, நோவு இருக்கிற மனுசன் ஒருத்தன் முழுசா வேணும். அந்த மாதிரி ஆளுங்கள ஊர் ஊரா போன் பண்ணிப் புடிச்சி, வேன்ல ஏத்தி, இட்லி குடுத்து, பச்ச கவுன் மாட்டி கட்டில்ல படுக்க வெக்கிறது என் வேலை. பசங்க வந்து கேள்வி கேக்கும், தட்டிப் பாக்கும், ஸ்டெத் வெச்சி கேக்கும். இன்னா நோவுன்னு அதுங்களா கண்டுபுடிச்சி சொல்லணும். சொன்னா பாஸ், இல்லன்னா ஆறு மாசம் கழிச்சி மறுபடியும் வரணும். படுத்திருக்கிறவங்க தனக்கு இன்னா நோவுன்னு தெரிஞ்சாலும் வாயத் தொறக்கக் கூடாது. அதான் கண்டிஷன்.

அந்த நோட்டுல ‘ஹார்ட்டு, அபிஷேகப்பாக்கம்’னு இருக்கிறது அம்சவள்ளி. அவளப் பத்திதான் சொல்லப் போறேன். எவன்கிட்டயாவது சொல்லியே ஆவணும், இல்லன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும்.

அம்சவள்ளிக்கு ஏழு வயசுல காய்ச்சல் வந்து ரெண்டு முட்டியும் வீங்கிடுச்சாம். அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் நடவுக்குப் போறவங்க. சூட்டு ஒடம்புன்னு வேப்பெண்ணெ தடவி விட்டுட்டாங்க. வீக்கம் வடிஞ்சிடுச்சி, இவளும் எழுந்து ஓடிட்டா. அந்தக் காய்ச்சல் முட்டிய விட்டுட்டு நெஞ்சுக்குள்ள போயி ஒக்காந்துக்கிச்சி. நெஞ்சுல ரத்தம் போவற ஒரு கதவு இருக்குது, வால்வும்பாங்க. அது கொஞ்சங் கொஞ்சமா ஒட்டிச் சுருங்கிப் போச்சி. இது யாருக்குத் தெரியும்? ஏழாவதோட படிப்ப நிறுத்துனா, கள எடுத்தா, நடவு நட்டா, பத்தொம்போது வயசுல ராமுவக் கட்டிக்கிட்டா. ராமு பெரிய வூட்டு நெலத்துல மோட்டாரு போடறது, தண்ணி கட்டறது பாக்கிற ஆளு. அதிகம் பேச மாட்டான், குடிக்க மாட்டான், பொண்டாட்டி மேல உசுரு. ரெண்டு தடவ வயித்துல புள்ள உண்டாச்சி, ரெண்டும் தங்கல. கரும்பு வெட்டுனா கட்டு தூக்க முடியாம கரை மேல ஒக்காந்துடுவாளாம். சோம்பேறின்னு பேரு. மேஸ்திரி வாய்க்கு வந்தபடி பேசுவானாம்.

எங்க காலேஜ் வேன் அந்த ஊருக்கு ஃபிரீ கேம்ப் போனப்பதான் கண்டுபுடிச்சாங்க. ஒரு சின்ன டாக்டரு ஸ்டெத்த வெச்சவன் எடுக்கவே இல்ல. “ஆண்டனி அண்ணா, இவங்க நம்பர வாங்கிக்கோங்க”ன்னான். எனக்கும் தொழில் தெரியுமே, வாங்கிக்கிட்டேன். அன்னிக்கு அவளுக்கு வயசு முப்பத்தி மூணு.

மொத பரீட்சைக்கு வந்தப்ப பயந்து நடுங்கினா. வெளியூர்லேருந்து பரீட்சை வெக்க ஒரு பெரிய டாக்டரு வந்திருந்தாரு, வழுக்கத் தல. காலைல நோயாளிங்கள எல்லாம் ஒரு தடவ பாத்துட்டுதான் பரீட்சைய ஆரம்பிப்பாங்க. அவரு இவ நெஞ்சுல ஸ்டெத்த வெச்சாரு, கண்ண மூடிக்கிட்டாரு. அப்பறம் எங்க காலேஜ் பெரிய டாக்டரு உலகநாதன் சாரக் கூப்புட்டு, அவரு காதுலயும் மாட்டி, “பியூட்டி!”ன்னாரு. சாரும் சிரிச்சிக்கிட்டே தலைய ஆட்டுனாரு.

மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தப் பிரிக்காம முறைச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. இன்னாம்மான்னு கேட்டா சுள்ளுன்னு விழறா. “ண்ணா, என்ன இன்னான்னு நெனச்சி கூட்டியாந்தே? அந்தக் கெழவன் என் நெஞ்சுல கைய வெச்சிக்கிட்டு பியூட்டின்றான். பார்லர் போர்டுல போட்டிருக்கிற வார்த்ததானே அது? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எங்கூட்டுக்காரு காதுல விழுந்தா மம்பட்டிய எடுத்துக்கினு வந்துடுவாரு.”

எனக்கு சிரிப்ப அடக்க முடியல. அப்பதான் நானே போயி ஒரு சின்ன டாக்டர்கிட்ட கேட்டேன். அவன் வெளக்கமா சொன்னான். வெள்ளக்காரன் பேச்சு வழக்குல அழகான பொம்பளய மட்டும் பியூட்டின்னு சொல்றதில்லையாம். ஒரு பொருளு அதோட வகையில அச்சு அசலா, எடுத்துக்காட்டா அமைஞ்சிட்டா அதையும் பியூட்டின்னுவாங்களாம். பெரிய மீனு மாட்டுனாலும் பியூட்டிதான். எக்ஸ்ரேல கட்டி பளிச்சினு தெரிஞ்சாலும் பியூட்டிதான். புத்தகத்துல எப்படிப் போட்டிருக்குதோ அப்படியே இவ நெஞ்சுல சத்தம் கேக்குதாம், அதுக்குத்தான் அந்தப் பட்டம்.

வந்து சொன்னேன். “ஒன் மூஞ்சிய சொல்லலம்மா. ஒன் நோவ சொன்னாரு.”

“அதானே பாத்தேன், நம்ம மூஞ்சிக்கு யாரு சொல்லப் போறாங்க”ன்னு சொல்லிட்டு பொட்டலத்தப் பிரிச்சா. சிரிச்சா, ஆனா ஒரு வாய் சோத்த கையில வெச்சிக்கிட்டே ரொம்ப நேரம் இருந்தா. நான் அவ்ளோ பட்டுனு சொல்லியிருக்க வேணாம்.

அப்பறம் அந்த வார்த்தய அவ விடவே இல்ல. கத்திரிக்கா சொத்த இல்லாம இருந்தா பியூட்டி. வேன் டிரைவருக்குக் கழுத்துல கட்டி பழுத்து நின்னுது, அதப் பாத்து “ண்ணா, பியூட்டிண்ணா இது, பரீட்சைக்கு வெக்கலாம்”ன்னா. வேனே சிரிச்சிது. நடவுல கூட இருக்கிற பொம்பளைங்களுக்கும் சொல்லிக்குடுத்துட்டாளாம். மேஸ்திரி வரப்புல வழுக்கி விழுந்தப்ப நாலு பொம்பளைங்க சேந்து பியூட்டின்னு கத்தி, அந்த ஆளுக்கு ஒண்ணும் புரியலயாம். இத சொல்லிச் சொல்லி சிரிச்சி, சிரிப்புலயே மூச்சு வாங்கி, கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னா.

எட்டு வருஷம் வந்தா. வருஷத்துக்கு ரெண்டு பரீட்சை, நடுவுல காலேஜ் டெஸ்ட்டு வேற. அவளுக்கு அது புடிச்சிருந்துது, பொய் சொல்லல. ஊர்ல சோம்பேறி; இங்க வெள்ள கோட்டு போட்ட பசங்க கைய கட்டிக்கிட்டு “அம்மா, கொஞ்சம் சாஞ்சி ஒக்காருங்கம்மா, வலிச்சா சொல்லுங்கம்மா”ன்னு கெஞ்சும். யாரு பாஸ், யாரு ஃபெயில்னு எனக்குப் போன் பண்ணி கேட்டுப்பா. “எங்கிட்ட வந்ததுல நாப்பது பேரு டாக்டரு ஆயிட்டாங்கண்ணா”ன்னு ஒரு தடவ சொன்னா.

அவளுக்கு நோவோட கதைய வரிசையா சொல்லக் கத்துக்குடுத்தது நான்தான். சில நோயாளிங்க பசங்க கேட்டதும் ஆத்தாளுக்கு சக்கர, மாமியாருக்கு மூட்டுவலின்னு ஆரம்பிச்சிடுவாங்க. பரீட்சைக்காரங்களுக்கு கடுப்பாயிடும், திட்டு எனக்கு விழும். அதனால அம்சாவ ஒக்கார வெச்சி வரிசை போட்டேன். ஏழு வயசுல காய்ச்சல், முட்டி வீக்கம். கல்யாணத்துக்கு அப்பறம் வேலை செஞ்சா மூச்சு. இப்ப மாடி ஏறுனா மூச்சு. படுக்க ரெண்டு தலவாணி. மயக்கம் இல்ல, படபடப்பு இல்ல, கால் வீக்கம் இல்ல. “இதுல ஒரு வார்த்த கூட்டாத, ஒரு வார்த்த கொறைக்காத”ன்னேன். புள்ளைங்க வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிப்பா. உலகநாதன் சாரே மெச்சிக்கிட்டாரு.

இதுக்கு நடுவுல அந்த வால்வு சுருங்கிக்கிட்டே வந்துது. ஸ்கேன் எடுத்துட்டு, தொடை வழியா ஒரு கம்பிய விட்டு, அதுல பலூன ஊதி அந்தக் கதவ அகலமாக்கிடலாம்னு சொன்னாங்க. நெஞ்சப் பொளக்க வேணாம், நாலு நாள்ல வூட்டுக்குப் போயிடலாம். அவகிட்ட ஏழைங்களுக்குக் குடுக்கிற செவப்பு ரேஷன் கார்டு இருந்துது, செலவும் பெருசா இல்ல. பண்ணியாவணும், ஆனா தேதிதான் நவுந்துக்கிட்டே போச்சி. மொத தடவ குறிச்ச தேதி பரீட்சைக்கு மொத வாரம். நான்தான் போனப் போட்டேன். “அம்சா, பலூன் போட்டுட்டா சத்தம் கொறைஞ்சிடும்மா. இந்தப் பரீட்சைக்கு ஒன்ன வுட்டா ஹார்ட்டு கேஸு இல்ல எனக்கு. இத முடிச்சிக் குடுத்துட்டுப் போட்டுக்கோயேன்.”

“அப்பறம் என்ன கூப்புட மாட்டியாண்ணா?”

“சத்தம் இல்லாத நெஞ்ச வெச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது?”ன்னு கிண்டல் பண்ணேன். அந்த வாய ஒடைக்கணும். அவ சரின்னுட்டா. அடுத்த தேதி வந்தப்ப ராமுவோட அப்பன் செத்துட்டாரு, கருமாதி முடியாம வர முடியல. மூணாவது தேதிய உலகநாதன் சாரு கறாரா சொன்னாரு. இனிமே தள்ளக் கூடாது, வால்வு ரொம்ப மோசம். பரீட்சை வியாழக்கிழம, அது முடிஞ்சி ஞாயித்துக்கிழம சாயங்காலம் வந்து அட்மிட் ஆவணும், திங்கக்கிழம காலைல பலூன். ராமு மொதலாளிகிட்ட ஒரு வாரம் லீவு சொல்லிட்டான். பாகூர் கோயில்ல ஒரு தேங்கா ஒடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டானாம். திங்கக்கிழமைக்கு மேல அவ மூச்சு வாங்காம மாடி ஏறுவா. அது மட்டுந்தான் அந்த வூட்ல பேச்சு.

அந்த வியாழக்கிழம.

காலைல ஆறரைக்கு வேன்ல ஏறுனா. எப்பவும் சன்னலோரம் ஒக்காந்து ஊர்க்கத பேசுறவ, என் பக்கத்துல வந்து ஒக்காந்தா. மொகம் வெளுத்திருந்துது. மெதுவா கேட்டா.

“ண்ணா, ரெண்டு நாளா நெஞ்சு ஒரு மாதிரி குதிக்குதுண்ணா. தாறுமாறா. கொஞ்ச நேரம் அடிக்கிது, அப்பறம் நின்னு போவுது, மறுபடியும் வருது. இத கதையில சேத்து சொல்லட்டுமா?”

அவ கேட்டது அதுதான். சேத்து சொல்லட்டுமான்னு எங்கிட்ட உத்தரவு கேட்டா. அவ நெஞ்சு, அவ உசுரு, எங்கிட்ட உத்தரவு!

நான் சொன்னேன், “வேணாம்மா. பசங்க கொழம்பிடும். படபடப்பு இல்லன்னே சொல்லு. பரீட்சை முடியட்டும், உலகநாதன் சார்கிட்ட நானே சொல்றேன்.”

“திங்கக்கிழம நிறுத்திட மாட்டாங்களே?”

“அதெல்லாம் நிறுத்த மாட்டாங்க.”

எனக்கு இன்னா தெரியும்? நான் இன்னா டாக்டரா? அட்டெண்டரு. ஆனா அவளுக்கு நான்தான் ஆஸ்பத்திரி. எட்டு வருஷமா எல்லாத்தையும் என் வாயாலதான் கேட்டிருக்கா. அது எனக்குப் பெருமையா இருந்துது, த்தூ.

காலைல பரீட்சைக்காரங்க வந்து ஸ்டெத் வெச்சப்ப அந்தக் குதிப்பு இல்ல. ஒழுங்கா அடிச்சிருக்குது. வந்தவரு கேட்டுட்டு தலைய ஆட்டிக்கிட்டே அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு. மொத பொண்ணு வந்து பாத்துட்டு ஒப்பிச்சி பாஸ் ஆச்சி. ரெண்டாவதா சுகன்யான்னு ஒரு பொண்ணு. ஏற்கெனவே ஒரு தடவ இதே பரீட்சைல ஃபெயிலு. ஸ்டெத்த காதுல தலகீழா மாட்டிட்டு, கழட்டித் திருப்பி மாட்டுது. நான் கட்டிலுக்குத் தலைமாட்டுல தண்ணி பாட்டில வெச்சிக்கிட்டு நிக்கிறேன்.

அந்தப் பொண்ணு அம்சா மணிக்கட்டப் புடிச்சி கடியாரத்தப் பாத்துது. ஒரு நிமிசம் ஆச்சி. மறுபடியும் புடிச்சிது. மறுபடியும் ஒரு நிமிசம். பேப்பர்ல என்னமோ எழுதிட்டு, குனிஞ்சி கேட்டுது. “அம்மா, விட்டு விட்டு அடிக்குதே, ஒழுங்கா இல்லையே. எப்பவும் இப்படித்தானா?”

அம்சவள்ளி ஒரு தடவ என்னப் பாத்தா. நான் லேசா தலைய ஆட்டுனேன், வேணாம்னு. அவ அந்தப் பொண்ணு பக்கம் திரும்பி, உதட்ட அசைக்காம சொன்னா. “ரெகுலர்னு சொல்லு பாப்பா. என் கேஸு ரெகுலருதான். எட்டு வருஷமா எல்லாரும் அப்படி சொல்லித்தான் பாஸ் ஆயிருக்காங்க. நீ பயத்துல தப்பா எண்ணிட்ட.”

அந்தப் பொண்ணு பேனாவ எடுத்து எழுதுனத அடிச்சிது. மேல வேற எழுதிச்சி. பரீட்சைக்காரரு வந்து நாடி எப்படின்னு கேட்டாரு. “ரெகுலர் சார்.” பழைய சீட்டுலயும் அதுதான் இருக்குது, காலைல அவரே கேட்டதும் அதுதான். மேல கேள்வி கேக்காம அடுத்ததுக்குப் போயிட்டாரு. அந்தப் பொண்ணு பாஸ். கண்ணுல தண்ணியோட அம்சா காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போச்சி. அம்சா என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. நானும் சிரிச்சேன். எவ்ளோ நல்ல காரியம் பண்ணிட்டோம்னு எங்க ரெண்டு பேருக்கும் நெனப்பு.

பரீட்சை முடிஞ்சி வெளியூர் டாக்டருங்களுக்கு சாப்பாடு, காரு, மால, பொன்னாட. நான் ஓடிக்கிட்டே இருந்தேன். உலகநாதன் சாரு என் பக்கத்துலயே ரெண்டு மணி நேரம் நின்னாரு. அவருகிட்ட மால எங்க வெச்சிருக்கேன்னு சொன்னேன், கார் நம்பரு சொன்னேன். சொல்ல வேண்டியத சொல்லல. மறந்துட்டேன். வேற ஒரு காரணமும் இல்ல. வெள்ளிக்கிழம ஞாபகம் வந்துது. ஞாயித்துக்கிழமதான் அட்மிட் ஆவ வர்றாளே, அப்ப சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழம காலைல ஒம்போது மணிக்கு, அட்மிட் ஆவறதுக்குப் பையில துணி அடுக்கிக்கிட்டு இருந்திருக்கா. செவப்பு கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேல வெச்சிருக்கா. ராமு மோட்டார நிறுத்திட்டு வரப் போயிருந்தான். திரும்பி வந்து பாத்தா பை மேலயே சாஞ்சி கெடக்குறா. வாய் ஒரு பக்கம் கோணியிருக்குது, வலது கை தொங்குது. கூப்புட்டா கண்ணு அசையிது, பேச்சு இல்ல.

நெஞ்சு தாறுமாறா துடிக்கிறப்ப உள்ள ரத்தம் தேங்கி கட்டி ஆயிடுமாம். அந்தக் கட்டி கெளம்பி மூளைக்குப் போயி ரத்தக் கொழாய அடைச்சிடுச்சாம். உலகநாதன் சாரு ஸ்கேன் படத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு சொன்னாரு, “படபடப்புன்னு ஒரு வார்த்த வியாழக்கிழமயே யாராவது சொல்லியிருந்தா ரத்தத்த இளக்குற மருந்த அன்னிக்கே ஆரம்பிச்சிருப்பேனே, ஆண்டனி. தப்பிச்சிருக்கலாம்.” சொல்லு, இப்பவாவது சொல்லுன்னு மனசு அடிச்சிக்குது. படத்த வாங்கி கவர்ல போட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

மூணாம் நாள் சுகன்யா வந்துது. வார்டு வாசல்லயே நின்னு அழுவுது. “நான் சரியா எண்ணினேண்ணா. ரெண்டு தடவ எண்ணினேன். ஒழுங்கா இல்லன்னு எழுதினேண்ணா. நானே அடிச்சிட்டேன்.” அந்தப் பொண்ணுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு இன்னா யோக்யத இருக்குது? வூட்டுக்குப் போம்மான்னேன்.

பியூட்டின்ற வார்த்தய இப்ப எவன் சொன்னாலும் நான் அந்த எடத்துல நிக்கிறதில்ல. அதுக்கு ரெண்டாவதா ஒரு அர்த்தம் இருக்குதுன்னு நான்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன். அழகுன்ற மொத அர்த்தத்துல அவள ஒருத்தரும் சொல்லல. ரெண்டாவது அர்த்தத்துல சொல்லிச் சொல்லியே அவள நாங்க கட்டில்ல வெச்சிக்கிட்டு இருந்தோம்.

ஆறு மாசம் போச்சி. பலூன் பேச்சு நின்னு போச்சி. ராமு அவளத் தூக்கி ஒக்கார வெக்கிறான், கஞ்சி ஊட்டுறான், கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போறான். மோட்டார் வேலைய வேற ஆளு பாக்கிறான். அவளுக்கு நாம பேசறது எல்லாம் வெளங்குது, வாய்தான் வரல. ஒரே ஒரு சத்தம் வரும், “த்தா, த்தா”ன்னு. எது வேணும்னாலும் அதுதான்.

அடுத்த பரீட்சை வந்துது. உலகநாதன் சாரு கூப்புட்டு அனுப்புனாரு. “ஆண்டனி, அம்சவள்ளிய கூட்டிட்டு வாப்பா. பக்கவாதம், பேச்சு போயிருக்கு, நெஞ்சுல வால்வு சுருக்கமும் இருக்கு. இந்த மாதிரி கேஸு கெடைக்காது.” எனக்கு அங்கயே அந்த மேசைய கவுத்துப் போடலாம் போல இருந்துது. “சரிங்க சார்”ன்னேன். இருவத்தி ரெண்டு வருஷமா வாயில வேற வார்த்த வந்ததில்ல.

ராமு மறுக்கல. “அங்க கைகால் பயிற்சி குடுப்பாங்க இல்ல? வரேன்”ன்னான். அவள வேன்ல ஏத்தறப்ப என்னப் பாத்து பாதி வாயில சிரிச்சா. அவ என்னத் திட்டியிருந்தா, மூஞ்சியில துப்பியிருந்தா தேவலாம். சிரிச்சா.

பேச்சு இல்லாததால ராமுதான் பக்கத்துல நின்னு பசங்களுக்குக் கதை சொல்லணும். மொத பையன் வந்தான். எப்ப விழுந்தாங்க, எந்தக் கை, எல்லாம் கேட்டான். அப்பறம் கேட்டான், “விழறதுக்கு முன்னாடி நெஞ்சு படபடப்பு இருந்துதாங்க?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி. நல்லாத்தான் இருந்தா”ன்னான் ராமு.

எனக்கு எங்கேருந்து வந்துதுன்னு தெரியல. “இருந்துது”ன்னேன். “அஞ்சு நாளு. செவ்வாக்கிழமலேருந்து. விட்டு விட்டு வந்துது.”

அந்தப் பையன் மொகம் மலந்து போச்சி. “சூப்பர்ணா! இதுதாண்ணா மெயின் பாயிண்டு”ன்னு மடமடன்னு எழுதினான். தேங்க்ஸ்ணான்னு வேற சொன்னான்.

ராமு மெதுவா என் பக்கம் திரும்புனான். “ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எங்கிட்ட சொன்னா. பரீட்சை அன்னிக்கு. வேன்ல.”

“நீ இன்னா சொன்ன?”

“சார்கிட்ட நான் சொல்றேன்னு சொன்னேன்.”

“சொன்னியா?”

நான் தலைய ஆட்டுனேன், இல்லன்னு. அம்சவள்ளி இடது கைய நீட்டி என் சட்டையப் புடிச்சி இழுத்தா. “த்தா, த்தா”ன்னா. நிறுத்துன்னு சொன்னாளா, அவன்கிட்ட எனக்காகக் கெஞ்சுனாளா, எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல. ராமு அந்தக் கைய என் சட்டைலேருந்து ஒவ்வொரு வெரலா எடுத்து அவ வயித்து மேல வெச்சான். என்ன அடிப்பான்னு நின்னேன். அடிக்கல.

மணி அடிச்சாங்க. ரெண்டாவது பொண்ணு வந்துது. அது படபடப்பு கேக்கறதுக்கு முன்னாடியே ராமு ஆரம்பிச்சிட்டான். சத்தமா இல்ல, நிதானமா, என்னக் கைய காட்டி சொன்னான். “அஞ்சு நாளு நெஞ்சு குதிச்சிதும்மா. தோ, இவருகிட்ட சொன்னா. சார்கிட்ட சொல்றேன்னாரு. சொல்லல.”

அந்தப் பொண்ணு எழுதிச்சி. ‘படபடப்பு, அஞ்சு நாள்’ வரைக்கும் எழுதிட்டு பேனாவ எடுத்துடுச்சி. மிச்சம் அதுக்குத் தேவப்படல. மூணாவது பையனுக்கும் ராமு அதையே சொன்னான், நாலாவது பையனுக்கும் சொன்னான், ஒரு வார்த்த கூட்டாம, ஒரு வார்த்த கொறைக்காம. நான் தண்ணி பாட்டிலோட அங்கயே நின்னேன். வேலை நேரத்துல எடத்த விட்டு நவுரக் கூடாது.

அன்னிக்கு நாலு பேரும் பாஸ்.